அணையில் குறையில்லை

ஓவர்சியர் அணையின் மேல் மூன்றாவது முறையாக நடந்துகொண்டிருந்தார். இன்னும் ஒரு குறைகூட அகப்படவில்லை.

கீழே நின்ற தம்பிக்கு உள்ளூரக் குஷி.

அது அவனுடைய அக்காவின் அணை. இரண்டு ஆள் உயரத்துக்கு மண்கரை, பின்னால் கொஞ்சம் தண்ணீர். கணவர் காலமானபோது அவளுக்கு விட்டுப்போனது. உடைந்தால் முதலில் மிதக்கப்போவது தம்பி வீடு என்பதால் பராமரிப்பு அவன் தலையில் விழுந்திருந்தது.

ஓவர்சியர் தனிக்கட்டை. அணையைச் சோதிக்க மாதம் தவறாமல் வந்துவிடுவார்.

ஒரு மாதம் எலி வளை என்பார். தம்பி களிமண் திணித்து இறுக்குவான். அடுத்த மாதம் முட்செடி என்பார், வேரோடு பிடுங்குவான். ஒருமுறை கரையில் வளர்ந்த புல்லை ஸ்கேல் வைத்து அளந்தார். அன்று புல் வெட்டியே தம்பிக்கு இடுப்பு கழன்றது.

குறையைக் குறித்துக்கொண்டதும் அக்கா வீட்டுக்குள் வந்து உட்காருவார். அதை அவளுக்கு விளக்கிச் சொல்ல இரண்டு டீ பிடிக்கும்.

இந்த முறை தம்பி ஒரு வாரம் லீவு போட்டுக் கரையைச் செதுக்கி வைத்திருந்தான்.

ஓவர்சியர் கடைசியாக அடிவாரத்துக்கு இறங்கினார். அங்கே கசிந்த நீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். கலங்கலாக இருந்தால் அணை உள்ளுக்குள் அரிக்கிறது என்று அர்த்தம்.

தண்ணீர் தெளிவாக இருந்தது. அவர் முகம்தான் கலங்கியது.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு” என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

தம்பி விடவில்லை. சற்றுத் தள்ளிப் போய் அவருடைய ஆபீசுக்குப் போன் போட்டான். இனி வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று உங்கள் ஆளிடம் சொல்லிவையுங்கள் என்றான்.

அந்தப் பக்கம் பேசிய பெண் குழம்பிப்போனாள். பிறகு மன்னிப்புக் கேட்டாள். அந்த ஓவர்சியர் ஓய்வு பெற்று ஒன்றரை வருஷமாகிறது, அவர் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை, அதன் பிறகு எந்த அணைக்கும் யாரையும் அனுப்பவே இல்லை என்றாள்.

தம்பி ஓட்டமும் நடையுமாகச் சமையலறைக்கு வந்து மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான்.

அக்கா டீயை ஆற்றிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் இன்னும் புல்லை விலக்கி விலக்கித் தேடிக்கொண்டிருந்தார்.

“அவர் ரிடையர் ஆனப்பவே ஆபீஸ்லேருந்து எனக்கு லெட்டர் வந்துடுச்சுடா. மெதுவா பேசு, அவர் காதுல விழுந்தா அடுத்த மாசம் வர மாட்டார்.”