இரண்டு அட்டைகள்

வகுப்பறையின் குட்டி நாற்காலிகளில் பெற்றோர் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். பலகையில், பிள்ளைகளுக்கு உடல் உறுப்புகளின் பெயர் சொல்லித்தர, துணியால் செய்த உடல். உறுப்புகளின் பெயர் அட்டைகளுக்குப் பின்னால் நுண்ணிய கொக்கிகள். அவை துணியின் வளையங்களைக் கவ்விக்கொள்கின்றன. ஓர் அப்பா எழுந்து, இடுப்புக்குக் கீழே இருக்கும் இரண்டு அட்டைகளைச் சர்ரென்று பிய்க்கிறார். "யாராவது தொட்டா, எங்கேன்னு சொல்லப் பேர் வேணுமே சார்," என்கிறார் ஆசிரியை. "நமக்கெல்லாம் யாரு டீச்சர் சொல்லிக் குடுத்தா? கெட்டா போயிட்டோம்?" அறை சிரிக்கிறது. அவர் மனைவி சிரிக்கவில்லை. ஏழு வயதில், மாமாவின் மடியிலிருந்து தப்பி அம்மாவிடம் ஓடிவந்த அவளுக்கு 'வயித்த வலிக்குது' என்று மட்டுமே சொல்லத் தெரிந்தது. அம்மா கஷாயம் கொடுத்தாள். "இந்தப் பாடம் வேணும்ங்கறவங்க கை தூக்குங்க," என்கிறார் ஆசிரியை. அவள் கை பாதிவரை எழுகிறது. கணவர் திரும்பிப் பார்க்கிறார். கை இறங்குகிறது. "வயித்த வலிக்குதுங்க," என்கிறாள், "போலாம்."