ஏழு மணி பவர்கட்

வராந்தாவில் கிடந்த ஸ்டூலில் கால் இடிக்க உள்ளே வந்தாள் கோமதி. ஆபீஸ், பஸ், சாலைக் கடைத்தெரு எல்லாம் முடிந்து வீடு சேரும்போதே மணி ஏழு.

"ஷிஜா! இந்த ஸ்டூலை யாருடி இங்க போட்டது?"

மகள் பதில் சொல்வதற்குள் தேங்காய் மிக்ஸிக்குள் போயிருந்தது. ஒரு சுற்று சுற்றியிருக்கும், கரண்ட் போய்விட்டது.

"இன்னைக்கும் போயாச்சா! பிள்ளைகளுக்கு ஒரு சட்னி அரைக்க விடமாட்டானுவளா?"

ஷிஜா அவசரமாக ஜன்னல்களைச் சாத்தினாள். "கொசு வரும்மா."

அவள் தம்பி மகேஷ் எரிகிற மெழுகுவர்த்தியோடு வந்து நின்றான்.

இனி எங்கே தோசை? மத்தியானச் சோற்றில் தயிரை விட்டுப் பிசைந்து, தரையில் உட்கார்ந்து இருவர் கையிலும் உருட்டிப் போட்டாள். அவர்கள் கேட்ட கதையையும் சொன்னாள். மனசு மட்டும் பிள்ளைகளின் துவைக்காத யூனிஃபார்மிலேயே கிடந்தது.

மறுநாள் ஆபீசிலிருந்து கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டாள். "தினமும் ஏழு மணிக்குப் பிடுங்கினா நாங்க எப்பதான் சமைக்கது?"

"பவர்கட்டை நிறுத்தி ஒரு வாரமாச்சல்லோ சேச்சி!" என்றான் மறுமுனையில் இருந்த மலையாளி.

போனை வைத்த பிறகும் அந்த ஸ்டூல் கண்ணைவிட்டுப் போகவில்லை. மெயின் சுவிட்சுக்கு நேர் கீழே கிடந்த ஸ்டூல்.

அன்றும் ஏழு மணிக்கு வீடு இருண்டது.

"அம்மா, சத்தியமாட்டு இன்னைக்கு நாங்க இல்ல!" என்று அலறினான் மகேஷ்.

"தெரியும்டா," என்றபடி ஸ்டூலிலிருந்து இறங்கினாள் கோமதி. "மெழுகுவர்த்தியைக் கொண்டா. நேத்து கதையை எங்க விட்டேன்?"