நாலு பக்கச் சத்தம்

விற்காவிட்டால் இத்தனை பெட்டிகளையும் வண்டியில் கட்டிக்கொண்டு மறுபடியும் கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்க வேண்டும். ஹோம் தியேட்டரோடு மலைமேல் திண்ணனூர் நாட்டுக்கு ஏறி வந்த யுவராஜுக்கு அதுதான் கவலை.

மாதம்மாளின் வாசலில் ஸ்பீக்கர்களை வைத்து, போனிலிருந்து ‘மியூசிக் மோடு’ போட்டுக் காட்டினான்.

“தாலாட்டாட்டம் இருக்குது கண்ணு. தூக்கந்தான் வரும்.”

‘சினிமா மோடு’ போட்டான்.

“முன்னாடி மட்டுந்தான் கேக்குது. பின்னாடியும் கேக்கோணும்.”

“ஊட்டுல நீங்களும் ஐயாவுந்தானுங்களே?”

“பொழுது சாஞ்சாத் தாயும் புள்ளையுமாப் பெருங்கூட்டம் சாமி!”

யுவராஜ் ஸ்பீக்கர்களை நான்கு மூலைக்கும் நகர்த்தினான். ‘ஸ்டேடியம் மோடு’ வைத்து ஒரு கிரிக்கெட் மேட்சை ஓடவிட்டான். சிக்சர்! நாலு பக்கமும் கூட்டம் கத்திய கத்தலில், படுத்திருந்த நாய் துள்ளி எழுந்து ஓட்டம் பிடித்தது.

மாதம்மாள் கைதட்டினாள். “இதேதான்! எறக்கி வெச்சுட்டுப் போ.”

யுவராஜுக்கு உயிர் வந்தது. “டிவி எந்த ரூம்லீங்க? ஒயர் இழுத்துடறேன்.”

“டிவி எதுக்கு? காட்டுக்கு இழு சாமி. குச்சிக்கிழங்கு தோண்ட வர்ற பன்னிக்கு ஸ்கோரு வேற தெரியோணுமாக்கும்?”