பெல்ட் நின்ற காரணம்

நெட்டையன் இரும்புப் படிகளில் விந்தி விந்தி ஏறி, ஆப்பரேட்டரின் கண்ணாடி அறைக் கதவைத் தட்டினான்.

விபத்துக்குப் பிறகு அவன் ஆலைக்கு வருவது இதுதான் முதல் தடவை. மேலாளரைப் பார்க்கவில்லை. கூட வேலை செய்தவர்கள் கூப்பிட்டும் நிற்கவில்லை. நேராக இங்கேதான் வந்தான்.

கண்ணாடிக்குக் கீழே பழைய அட்டைப்பெட்டிகளும் காகிதமும் பெல்ட்டில் போய்க்கொண்டிருந்தன. பெல்ட் முடிகிற இடத்தில், வருவதையெல்லாம் கிழித்துக் கூழுக்கு அனுப்பும் பற்சக்கரங்கள்.

அன்றைக்கு அந்தப் பெல்ட்டில் அவனும் போனான்.

அட்டையில் சிக்கிய கம்பியை இழுக்கப் போய், கால் இடறி, பெல்ட்டில் மல்லாக்க விழுந்தான். விழுந்த வேகத்தில் விலா எலும்பு விட்டு, மூச்சடைத்து, கத்த வாய் திறந்தும் காற்றுதான் வந்தது. கத்தியிருந்தாலும் அந்த இரைச்சலில் யார் காதிலும் விழுந்திருக்காது.

பற்சக்கரம் பூட்ஸைக் கவ்வியது. சுண்டுவிரலை எடுத்துக்கொண்டது.

பெல்ட் நின்றது.

ஆப்பரேட்டர் மேலே இருந்து பார்த்து நிறுத்திவிட்டார் என்று ஆலை முழுக்கப் பேச்சு. அதுவரை அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். அதற்கப்புறம் அப்படிக் கூப்பிட ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. மேலாளர் எல்லோரையும் கூட்டிவைத்து அவர் கையைக் குலுக்கினார்.

நெட்டையனுக்கோ ஆஸ்பத்திரியிலேயே வேறொரு தொல்லை ஆரம்பித்துவிட்டது.

"உன்ன எதுக்கோ விட்டு வச்சிருக்குடா" என்றாள் அக்கா, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே.

எதுக்கோ. அந்த ஒரு வார்த்தை அவனோடு வீட்டுக்கு வந்து, நடுக்கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டது.

அவனும் தேடாமல் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர உட்கார்ந்தான். பிள்ளைகள்தான் அவனுக்குச் சொல்லித்தந்தார்கள். கால் கட்டு மாற்றப் போன இடத்தில் ஒரு நோயாளிக்கு ஆறுதல் சொன்னான். அந்த மனுஷன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வீடு மாற்றலாமா வேண்டாமா என்று மச்சான் வந்து யோசனை கேட்டான். செத்துப் பிழைத்தவன் வாயில் வருவது பலிக்குமாம். முன்பெல்லாம் இதே மச்சான், நெட்டையன் மணி சொன்னால்கூட இன்னொருத்தரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்வான்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தால், களவுபோகும்போது தூங்கிவிட்ட காவல்காரன் போலத் திடுக்கிட்டு எழுந்தான். இதற்காகவா விட்டு வைத்தது? மனைவி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பரிமாறும்போது, ஏதாவது தட்டுப்பட்டதா என்பதுபோல அவன் முகத்தைப் பார்ப்பாள்.

கடைசியில்தான் அது தோன்றியது. அத்தனை பெரிய கொட்டகையில், சரியாக அந்த நொடியில், ஆப்பரேட்டரை அவன் பக்கம் திருப்பியது எது? அது தெரிந்துவிட்டால் மிச்சமும் தெரிந்துவிடும்.

அதைத்தான் இப்போது கேட்டான்.

ஆப்பரேட்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பெயருக்குப் பொருத்தமில்லாமல், பல நாள் தூங்காத கண்கள் அவருக்கு.

"நான் பாக்கலப்பா" என்றார். "எனக்குச் சுகர் இருக்கு. வந்துட்டா அடக்க முடியாது. மாத்திவிட ஆளக் கூப்பிட்டேன், வரல. நடுவுல நிறுத்தக் கூடாதுதான். நிறுத்திட்டு ஒண்ணுக்குப் போனேன். படி இறங்கறப்பதான் கீழ உன் முனகல் கேட்டுச்சு."

கதவு சாத்தியிருக்கிறதா என்று இன்னொரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"வேலை போயிடுமேன்னு பயந்து கெடந்தேன். வந்து கையக் குலுக்கறாங்க. அப்புறம் எங்க வாயத் தெறக்கறது?"



முதலில் நெட்டையனின் தோள்கள் குலுங்கின. அழுகிறான் என்று நினைத்து ஆப்பரேட்டர் கைநீட்டிப் பிடிக்க வந்தார். பிடித்த பிறகுதான் தெரிந்தது, அவன் சிரிக்கிறான். ஒட்டிக்கொண்டுவந்த விலா எலும்பு மறுபடி விட்டுப்போகும் அளவுக்குச் சிரிக்கிறான்.

ஒரு மனுஷனுக்கு முட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு மனுஷன் பிழைத்துக்கொண்டான். அவ்வளவுதான் விஷயம்.

இந்த உயிருக்கு யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் தூங்கலாம். உன் வீடு உன் இஷ்டம் என்று மச்சானை விரட்டலாம். மனைவி முகத்தைப் பார்த்தபடி நிம்மதியாக இன்னும் கொஞ்சம் போடச் சொல்லலாம்.

ஆப்பரேட்டருக்கும் தொற்றிக்கொண்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

கால் ஆறியதும் நெட்டையன் வேலையில் சேர்ந்தான். இப்போது தினமும் பெல்ட் ஓடத் தொடங்கும் முன் மேலே போகிறான். ஆப்பரேட்டரின் பாட்டிலை எடுத்து, கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, அவர் கைக்கெட்டும் இடத்தில் வைக்கிறான்.

உயிரைக் காப்பாற்றியவருக்குச் செய்கிற மரியாதை என்று கீழே பேசிக்கொள்கிறார்கள்.

"நல்லாக் குடிங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் இறங்குகிறான்.