புளியமரத்து ஆணி

கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த ஆணியைப் பார்த்ததும் பழனாத்தாளுக்குக் கைகால் ஓடவில்லை.

இரண்டாகப் பிளந்த புளியங்கட்டை. அதன் உள்ளே, ரம்பம் பாதி அறுத்துவிட்ட சதுரத் தலை ஆணி. நகைக்கடையில் போடுவதுபோல மேலே விளக்கு வேறு போட்டிருந்தார்கள்.

ஆனைமலை அடிவாரத்தில் புதிதாகத் திறந்த பூங்கா அது. மூங்கில் பாலம், மான், வண்ணத்துப்பூச்சி எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் இந்த மர மில். வெள்ளகோவில் பக்கம் நூறு வருஷம் ஓடி மூடிப்போனதை, ஓடு ஓடாகக் கழற்றி வந்து இங்கே திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். அவள் புருஷன் லட்சுமணசாமி பாதி ஆயுசு ரம்பத்தில் நின்ற மில். பார்த்தால் அப்பா சந்தோஷப்படுவார் என்று மகள் தாரணிதான் இருவரையும் காரில் கூட்டி வந்திருந்தாள்.

நல்ல சந்தோஷம்.

ரோட்டோரப் புளியமரம் என்றாலே மில்லில் பயம். கட்சிப் பலகை அடித்த ஆணி, டியூஷன் போர்டு ஆணி, பேய் ஓட்டிய ஆணி என்று எது வேண்டுமானாலும் இருக்கும். மேலே பட்டை மூடிக்கொண்டால் வெளியே தெரியாது. மரத்தை ஏற்றுமுன் பட்டையை உரித்து, இரும்பின் கருப்பு எங்காவது பாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியது ரம்பத்தில் நிற்பவர் வேலை.

அன்று லட்சுமணசாமி பார்க்காமல் விட்டுவிட்டார் என்றார்கள். ஆணியில் பட்டு ரம்பம் அறுந்து வீசியது. எதிரே டிராலி தள்ளிய கதிரேசன் கழுத்து போய்விட்டது.

தப்பு என்னுடையதுதான் என்று விசாரணையில் அவரே சொன்னார். கதிரேசன் பெண்சாதி வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். அசையாமல் நின்று வாங்கிக்கொண்டார். வெளியூர் விடுதியில் படித்துக்கொண்டிருந்த தாரணிக்கு மில்லில் ஒரு விபத்து என்று மட்டும் சொன்னார்கள். அன்றிலிருந்து பழனாத்தாளிடம்கூட அவருக்குப் பேச்சு குறைந்துபோனது. செத்தவனை நினைத்துத் துக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு மட்டும் தெரிந்தது ஒன்று இருந்தது.

தாரணிக்குச் சிறுவயதில் வலிப்பு வரும். டாக்டர் கொடுத்த மாத்திரை போதும், பூசாரி வேலையெல்லாம் வேண்டாம் என்று லட்சுமணசாமி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவர் மில்லுக்குப் போன நேரம் பார்த்து அவள் பிள்ளையை இழுத்துக்கொண்டு பூசாரியிடம் போனாள். உச்சிமுடியில் ஒரு கொத்தை வெட்டி, ஆணியில் சுற்றி, காங்கயம் ரோட்டுப் புளியமரத்தில் இறக்கினார் பூசாரி. ஆணி வீட்டிலிருந்து வரவேண்டும் என்பது அவர் கட்டளை. வீட்டில் இருந்தது புருஷன் பையில் கிடந்த ஒன்றுதான், மில்லில் டிராலி ஓடும் தண்டவாளத்துக்கு அடிக்கிற சதுரத் தலை ஆணி.

வலிப்பு நின்றது. மாத்திரையால் என்றார் அவர். ஆணியால் என்று இவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

வருஷங்கள் கழித்து ரோட்டை அகலப்படுத்தினார்கள். வெட்டிய மரமெல்லாம் மில்லுக்கு வந்தது.

அந்த ரோட்டில் ஆயிரம் ஆணி. கதிரேசனைக் கொன்றது வேறு யாரோ அடித்த ஆணியாக இருக்கட்டும் என்று இத்தனை காலம் கோவில் கோவிலாக வேண்டியிருந்தாள். இப்போது அது பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் கிடக்கிறது. தன் மில் ஆணியை லட்சுமணசாமிக்கு அடையாளம் தெரியாமலா போகும்?

பின்னால் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது. பழனாத்தாள் சட்டென்று பெட்டியை மறைத்து நின்றாள். முழங்கால் கடுக்கிறது, போகலாம் என்றாள். குரல் அவளுக்கே பொய்யாகக் கேட்டது.

தாரணி அதற்குள் பெட்டியில் ஒட்டியிருந்த அட்டையைப் படித்துவிட்டாள். தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து என்று அதில் போட்டிருந்தது. அவள் முகம் சுண்டிப்போனது.

“ஏனுங்கப்பா, இது உங்களைச் சொல்றதுங்களா?”

லட்சுமணசாமி மனைவியின் தோளைத் தொட்டு மெதுவாக நகர்த்திவிட்டு, குனிந்து ஆணியைப் பார்த்தார். அவர் முகத்தில் திகைப்பு ஒன்றும் இல்லை. பிறகு அவள் காதருகே வந்து, மகளுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

“பட்டைய உரிச்சு நல்லாத்தான் பாத்தேன் புள்ள, அது ஆழத்துல இருந்துச்சு. அதுல சுத்தியிருந்த முடிய, போலீசு வாரதுக்கு முன்னாலயே நாந்தான் பிரிச்சு எடுத்தேன்.”

பழனாத்தாள் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் மகள் பக்கம் திரும்பினார்.

“ஆமா கண்ணு. நாந்தான் பாக்காம உட்டுப்போட்டேன்.”