ஓட்டோ கேட்ட கேள்வி

அக்கா, இன்னும் படபடப்பு அடங்கல, அதான் பேசியே அனுப்புறேன். அம்மாவுக்கும் போட்டுக் காட்டு.

இங்க ஹாம்பர்க்ல, வீடில்லாத நாய்ங்க காப்பகத்துக்கு லீவு நாள்ல போறேன்ல? அங்க ஒவ்வொரு நாய்க்கும் ஒரு மெஷின் கழுத்துப்பட்டை மாட்டிருக்காங்க, நாய் நினைக்கிறத அது பேசிரும். எந்த பாஷைல பேசணும்ங்கிறத, நாய்கிட்ட பேசுற நம்மகிட்ட இருந்துதான் பட்டை கத்துக்கும். ஓட்டோங்கிற கிழட்டு நாய்கிட்ட நான் ஜெர்மன் பேசணும். என் ஜெர்மன் லட்சணம்தான் உனக்குத் தெரியுமே, கூச்சப்பட்டுத் தமிழ்லயே பேசிப் பழக்கிட்டேன்.

இன்னைக்கு ஒரு வயசான தம்பதி தத்தெடுக்க வந்தாங்க. ஓட்டோவ இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல. அவங்களப் பாத்ததும் பட்டை, "வாங்க, சாப்டீங்களா?"ங்குது! என்னால அவன் பொழப்பே கெட்டுச்சேன்னு உசுரே போச்சு.

"என்ன சொல்றான்?"னு அந்தம்மா கேட்டாங்க. தத்தக்கா பித்தக்கான்னு ஜெர்மன்ல சொன்னேன். அவங்க புருஷனத் திரும்பிப் பாத்து, "இத்தன நாயும் 'என்னக் கூட்டிட்டுப் போ'ன்னுச்சு. நாம சாப்டமான்னு இவன்தான் கேக்குறான்"னாங்க. கையோட கூட்டிட்டுப் போயிட்டாங்க.

அவன் பேசுறது புரியணுமாம், வாராவாரம் என்னையும் வரச் சொல்லிருக்காங்க. இந்த ஊர்ல இதுவரைக்கும் ஒரு வீட்டுக்குள்ள போனதில்லக்கா. முதமுதல்ல வெறுங்கையோடவா போறது? என்ன வாங்கிட்டுப் போகன்னு அம்மாகிட்ட கேட்டுச் சொல்லு.