தூணைக் காணோம்

விருந்தினர் அறையில் ஒரு நீதிமன்றம் எழுந்திருந்தது. எல்லாம் ஒன்றோடொன்று பொருத்தும் பிளாஸ்டிக் பொம்மைக் கற்கள். முன்வாசலில் வெள்ளைத் தூண்கள் வரிசைகட்டி நின்றன. நடுவில் மட்டும் இரண்டு பல் விழுந்த பொக்கை. முக்கோண முகப்பு கட்டில்மேல் காத்திருந்தது.

கணவன் குப்புறப் படுத்துக் கட்டிலுக்கு அடியில் துழாவிக்கொண்டிருந்தான். மனைவியின் போன் அடித்தது. மாமியார்.

“ரூம் காலியாச்சாம்மா? பெட்டி கட்டி வெச்சிட்டேன். இந்தத் தடவை ஆறு மாசம் இருக்கப்போறேன்.”

“எங்க அத்தை! உங்க பிள்ளை கோர்ட்டைக் கட்டிக்கிட்டு அழறார். ரெண்டு தூணைக் காணோமாம். அது இல்லாம முகப்பு நிக்காதாம். நானும் கத்திப் பார்த்துட்டேன்.”

“அவன் சின்னதுலேர்ந்தே அப்படித்தான். எடுத்த காரியத்தை முடிக்காம விடமாட்டான். முடியட்டும், வர்றேன்.”

போனை வைத்தவள், “கிடைச்சுதா இல்லையா?” என்று எரிந்து விழுந்தாள்.

“இல்லையே” என்றான் அவன், பாவமாக.

டீ போடப் போனாள். சர்க்கரை டப்பாவைத் திறந்து, தான் முந்தாநாள் ஒளித்துவைத்த தூண் பத்திரமாக இருக்கிறதா என்று ஸ்பூனால் கிளறிப் பார்த்தாள்.

அவள் ஒளித்தது ஒன்றுதான். டப்பாவில் இரண்டு இருந்தன.

மூடியை இறுக்கி மூடுவதற்கு முன், அவன் டீயில் ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடுதலாகவே போட்டாள்.